2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். நோர்வேயில இருக்கிற எங்கட தமிழ்ச் சங்கத்தின்ர ஆண்டுக் கூட்டத்துக்கு வராத ஆக்களும் வாசிக்கட்டும் எண்டுதான் இந்தமுறை அறிக்கையை குறூப்பிலயும் போடுறன். கொஞ்சம் நீளம், பொறுமையா வாசியுங்கோ.

பொங்கல் விழா ஷிப்ட் காரணமா ஒரு கிழமை பிந்தி நடந்தது. வருசப்பிறப்பு, கோடைகால விளையாட்டுப்போட்டி, வாணி விழா, ஒளிவிழா எல்லாம் வழமைபோல. தமிழ் வகுப்பு தொடர்ந்து நடக்குது, ஒரு ரீச்சர் ஒஸ்லோவுக்கு மாறிப் போட்டா, அந்த இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கேல்லை.

இனி முக்கியமான விசயத்துக்கு வாறன். இந்த வருசம் சங்கம் புதுசா தொடங்கினது சில் மீன் (ஹெரிங்) குவோட்டா, அதாவது வருசத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் எண்டு வைக்கிற அளவு, பற்றின கலந்துரையாடல்தான். இது என்ர யோசனை, நிர்வாகசபையில ரெண்டு பேர் வேண்டாம் எண்டவை, சங்கத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேட்டவை. சம்பந்தம் இதுதான். எங்கட உறுப்பினர்களில அரைவாசிக்கு மேல மீன் பப்ரிக்கில, அதாவது மீன் தொழிற்சாலையில, வேலை. கப்பல் வருதெண்டா இரவு போனுக்கு மெசேஜ் வரும், விடிய வேலை. கப்பல் வராட்டி ஓவர்டைம் இல்லை, அதுக்கு மேல போனா பெர்மித்தெரிங் கடிதம், தற்காலிகமா வேலையால நிப்பாட்டுற கடிதம். போன குளிர்காலம் எத்தினை வீட்டில அந்தக் கடிதம் வந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். ஓய்வறையில, கோயில் வாசலில, பிறந்தநாள் வீட்டில எல்லா இடத்திலயும் ஒரே கதைதான், கவுண்மேந்து குவோட்டாவை வெட்டி எங்கட வயித்தில அடிக்குது எண்டு. அப்பிடிக் கதைக்கிற ஆக்களைக் கூப்பிட்டு, ஏன் வெட்டினவை எண்டு இருந்து கதைப்பம் எண்டா பெரிசா ஒருத்தரும் வரேல்லை. மண்டபத்தில கதிரை அடுக்கினது, தேத்தண்ணி போட்டது, எல்லாம் நாலஞ்சு பேருக்குத்தான். ஒரு தம்பி போனில சொன்னார், "அண்ணை, நாங்கள் கதைச்சு அவங்கள் குறைக்கிறதை நிப்பாட்டப் போறாங்களோ" எண்டு. நிப்பாட்டச் சொல்லி நான் கூப்பிடேல்லை, விளங்கிக்கொள்ளத்தான் கூப்பிட்டனான்.

வராதவைக்காக அங்க கதைச்சதை இதில எழுதுறன். 2021 இல எங்கட பக்கத்து சில் மீனுக்கு, அதாவது வசந்தகாலத்தில நோர்வே கரையில முட்டை போடுற அந்தக் கூட்டத்துக்கு, எல்லா நாடும் சேர்ந்து பிடிக்கக்கூடிய அளவு 651,033 தொன். 2022 இல 598,588. 2023 இல 511,171. 2024 க்கு 390,010. மூண்டு வருசத்தில பத்தில நாலு பங்கு குறைஞ்சு போட்டுது. இது ஒஸ்லோவில ஒரு மந்திரி கோபத்தில வெட்டினதில்லை. ஆராய்ச்சிக் கப்பல்கள் பெப்ரவரியில இந்தக் கரையிலயும் மே மாதத்தில நடுக்கடலிலயும் ஒலி அனுப்பி மீன் கூட்டத்தை அளக்குது, வலை போட்டு மாதிரி எடுத்து வயசு பாக்குது, அதை வைச்சு ஐசெஸ் எண்ட சர்வதேச விஞ்ஞானிகள் சபை செப்டெம்பர் கடைசியில இவ்வளவுதான் பிடிக்கலாம் எண்டு சொல்லுது. பிறகுதான் நாடுகள் பேசி, நோர்வே தன்ர பங்கை ஒவ்வொரு கப்பலுக்கும் பிரிச்சுக் குடுக்குது. குவோட்டாவுக்கு மேல பிடிச்சு வந்தா மீனை இறக்கலாம், ஆனா மேலதிக மீனின்ர காசு கப்பல்காரருக்கு வராது, மீனவரின்ர விற்பனைச் சங்கத்துக்குப் போகும். 25 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்ச மீனுக்கு வலை போடவும் ஏலாது.

வயசு பாக்கிற விசயத்தை தமிழ் வகுப்புப் பிள்ளையளுக்கு ஒரு சனிக்கிழமை செய்து காட்டினம். இந்த வருசம் சங்கத்தில நடந்ததில எனக்கு மனசுக்கு நிறைஞ்ச நாள் அதுதான். பப்ரிக் போமனை (மேற்பார்வையாளரை) கேட்டு ஒரு பெட்டி முழு மீன் வாங்கினன். சில் மீனின்ர செதில் சூடை மீனின்ர மாதிரித்தான், தொட்டாலே கழண்டு கையில ஒட்டும், ரெண்டும் கிட்டத்துச் சொந்தம். பப்ரிக்குக்கு வந்த மீனில செதில் முக்கால்வாசி பம்பில போய்விடும், செட்டைக்குக் கீழ ஒதுங்கின இடத்தில தேடினாத்தான் நல்ல செதில் கிடைக்கும். அதைக் கழுவி மைக்கிறஸ்கோப்பில வைச்சா மரத்தை வெட்டின இடத்தில தெரியிற மாதிரி வளையம். கோடையில மீன் நல்லா சாப்பிட்டு வளரும், இடைவெளி அகலம், குளிரில வளராது, அங்க ஒரு கோடு விழும். ஒரு குளிருக்கு ஒரு கோடு. ஒரு பிள்ளை எட்டுக் கோடு எண்ணினா, அடுத்த மீனிலயும் எட்டு, அதுக்கு அடுத்ததிலயும் எட்டு. எட்டு எண்டா 2016 இல பிறந்த மீன். அந்தப் பிள்ளையும் 2016 இல பிறந்தவா, "அப்ப இது என்ர வகுப்பு" எண்டு சொன்னா.

அதிலதான் முழுக்கதையும் இருக்கு. 2016 இல நிறையக் குஞ்சு தப்பி வளர்ந்தது, அதுக்குப் பிறகு வந்த வருசங்கள் மெலிவு. இவ்வளவு நாளும் எல்லாக் கப்பலும் அந்த ஒரு வருசத்து மீனைத்தான் இறைச்சுக்கொண்டிருக்கு, நாங்களும் லைனில நிண்டு அதைத்தான் முள்ளெடுத்து பிலே பண்ணிக்கொண்டிருக்கிறம். பின்னால ஆள் வராம முன்னால இருக்கிற ஆக்கள் குறைஞ்சுகொண்டு போனா குவோட்டா குறையத்தான் செய்யும்.

குறைக்காட்டி என்ன நடக்கும் எண்டதுக்கு இந்த ஊர்க் கிழவர்களே சாட்சி. அறுபதுகளில வலையை யந்திரத்தால இழுக்கிற பவர்புளொக் வந்தது, மீன் எங்க நிக்குது எண்டு காட்டுற சோனார் வந்தது. 1966 இல மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம் தொன் அள்ளினவை. பெரிய மீனை ஒரு பக்கத்தால, வடக்கில வளர்ந்துகொண்டிருந்த குஞ்சை மாவுக்கும் எண்ணெய்க்கும் எண்டு இன்னொரு பக்கத்தால. ரெண்டு மூண்டு வருசத்தில கடல் வெறுமை. ஐஸ்லாந்தில சில் மீனாலயே எழும்பின சிக்லுபியோர்துர் எண்ட ஊரில இப்ப அந்தக் காலத்துக்கு மியூசியம்தான் இருக்கு. பிறகு கடுமையாக் கட்டுப்படுத்தி, 1983 இல ஒரு நல்ல குஞ்சு வருசம் வந்து, அந்தக் குஞ்சை வளர விட்டபடியாத்தான் மீன் திரும்பினது. கிட்டத்தட்ட இருபது வருசம். இதுக்கிடையில எத்தினை பப்ரிக் பூட்டினது எண்டு வயசான நோர்வேக்காரரைக் கேளுங்கோ. எங்களுக்கு பெர்மித்தெரிங் கொஞ்ச மாதம், அவைக்கு அது அரை ஆயுசு.

குவோட்டாவில பிழையே இல்லை எண்டு நான் சொல்ல வரேல்லை. மொத்த அளவில எல்லா நாடும் தலையாட்டுது, ஆருக்கு எவ்வளவு எண்டதில ஒற்றுமை இல்லை. நாடுகள் பங்கு பிரிச்ச 2007 உடன்படிக்கையில நோர்வேக்கு 61 வீதம். 2013 இல பாரோ தீவு தனக்கு எண்டு கூட்டிப் போட்டுது, ஐரோப்பிய ஒன்றியம் அவையின்ர மீனுக்குத் தடை போட்டது. 2021 இல நோர்வேயும் தன்ர பாட்டில 76 வீதம் எடுத்தது. ஒவ்வொருத்தரும் தங்கட பங்கைக் கூட்ட, எல்லாத்தையும் சேர்த்தா விஞ்ஞானிகள் சொன்ன அளவைத் தாண்டுது. இந்தப் பங்குச் சண்டையால 2020 கடைசியில, அளவோட பிடிச்ச மீன் எண்டு காட்டுற எம்.எஸ்.சி. முத்திரையும் போச்சு. எங்களுக்குக் கோவம் வரவேண்டியது இதில. அளவு வைச்சதில இல்லை, வைச்ச அளவை மேசையில இருக்கிறவையே மதிக்காததில.

இன்னொண்டும் சொல்லவேணும், சிலருக்குச் சுடும். ஊரில எங்கட சனம் படுற பாடு எல்லாருக்கும் தெரியும். இழுவைப்படகு வந்து அடியோட வழிச்சுக்கொண்டு போகுது, வலையை அறுக்குது. 2017 இல இலங்கையில இழுவை மடிக்குத் தடைச்சட்டம் வந்தபோது இந்தக் குறூப்பிலதான் எல்லாரும் சந்தோசப்பட்டனாங்கள். பருத்தித்துறைக் கடலுக்குக் கட்டுப்பாடு வேணும் எண்டு பெட்டிசத்தில கையெழுத்து வைக்கிற நாங்கள், எங்களுக்குச் சோறு போடுற இந்தக் கடலுக்குக் கட்டுப்பாடு வந்தா திட்டுறம். அது நியாயமில்லை. 1956 இல இஞ்ச வந்த முதல் தமிழர் அன்ரனி ராஜேந்திரம் இந்த நாட்டில மீன்பிடியைப் படிச்சு, அந்த அறிவையும் இந்த நாட்டு உதவியையும் சீநோர் எண்ட மீன்பிடி நிறுவனமா ஊருக்குக் கொண்டுபோனவர், காரைநகரில படகு கட்டுறது, குருநகரில வலை பின்னுறது. நாங்களும் இஞ்சயிருந்து ஓவர்டைம் காசை மட்டும் இல்லாம இந்த அறிவையும் கொண்டுபோகலாம் எண்டுதான் இவ்வளவும் செய்தது.

சந்தா விசயம். குடும்பத்துக்கு வருசம் 600 குரோனர். பெர்மித்தெரிங்கில இருந்தவையிட்ட நாங்கள் கேக்கேல்லை, அது நிர்வாகசபை முடிவு, அவையில சிலபேர் கேக்காமலே கட்டினவை, அவைக்கு நன்றி. ஆனா வேலை குறையாத ஆக்கள், ரெண்டு பேர் சம்பளம் எடுக்கிற வீடுகள், ரெண்டு வருசமா கட்டேல்லை. பேர் போடேல்லை. விப்ஸில (போனால காசு அனுப்புற ஆப்) அனுப்ப அரை நிமிசம் போதும். பிள்ளையளைத் தமிழ் வகுப்புக்கு இறக்கிவிட்டிட்டு காரை விட்டு இறங்காமலே போறவையிட்ட நான் எப்பிடிக் கேக்கிறது?

கணக்கைப் பொருளாளர் கூட்டத்தில வாசிப்பார். சுருக்கமாச் சொன்னா வரவு போன வருசத்தை விடக் கொஞ்சம் குறைவு, மண்டப வாடகை கூடிப்போச்சு, கொம்யூன் (நகரசபை) உதவித்தொகை வந்தபடியா சமாளிச்சம், கையிருப்பு இருக்கு. கலந்துரையாடலுக்கு வந்த செலவு தேத்தண்ணியும் வடையும்தான், சங்கக் காசை மீனில கொட்டினது எண்டு கதைச்சவைக்காக இதைச் சொல்லுறன்.

தலைவருக்கும் பொருளாளருக்கும், தமிழ் வகுப்பு ரீச்சர்மாருக்கும், சமையலுக்கு நிண்ட அக்காமாருக்கும், மைக்கிறஸ்கோப் தந்து உதவின பாடசாலைக்கும், கேட்ட உடன மீன் தந்த போமனுக்கும் சங்கத்தின்ர சார்பில நன்றி.

2025 க்கு விஞ்ஞானிகள் சொல்லியிருக்கிறது 401,794 தொன். அதாவது பெரிசா ஒண்டும் கூடப் போறதில்லை, இந்தக் குளிரிலயும் வேலை இழுபடும், வீட்டுக்கடன் இருக்கிறவை இப்பவே யோசியுங்கோ. கடிதம் வந்தா, வேலையில்லாதவைக்குக் காசு குடுக்கிற நாவ் எண்ட அரச அலுவலகத்தின்ர படிவம் நிரப்பத் தெரியாதவைக்கு ஞாயிற்றுக்கிழமையில மண்டபத்தில இருந்து உதவலாம் எண்டு யோசிக்கிறன், அதுக்கு நோர்வே மொழி நல்லாத் தெரிஞ்ச இளம் ஆக்கள் ரெண்டு பேராவது வேணும். குவோட்டா கலந்துரையாடலைத் தொடரவும் விருப்பம், மீன்பிடித் திணைக்களத்தில இருந்து ஒராளைக் கூப்பிடலாம், ஆனா வாற ஆளுக்கு முன்னால வெறும் கதிரையைக் காட்ட என்னால ஏலாது. வருவீங்கள் எண்டா மட்டும் ஒழுங்கு செய்யிறன். புது நிர்வாகசபைக்குப் பேர் குடுக்க விரும்புறவை மார்ச் முடியிறதுக்குள்ள தலைவரிட்ட சொல்லுங்கோ, செயலாளர் பதவிக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன். ஒருத்தரும் வராட்டி நான் நிப்பன், ஆனா தனிய இழுக்க ஏலாது, சந்தாவும் ஆளும் ரெண்டும் வேணும்.

செயலாளர்