எங்கள் தறிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து உறவுகளுக்கு வணக்கம்.

இன்று என் வீட்டுக்காரர் யாரையும் பிடிக்காமல் திண்ணை வரை நடந்து வந்து உட்கார்ந்தார். இதை எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

மருத்துவமனையில் முறை வைத்துத் துணைக்கு இருந்தவர்கள், பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள், கேட்காமலே கைமாற்று கொடுத்தவர்கள், முன்பணத்தைக் கூலியில் பிடிக்காமல் விட்ட முதலாளி, எல்லோருக்கும் நன்றி. ஆனால் எதிர்வீட்டுத் தாத்தாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

தறியில் முகூர்த்தப் புடவை பாதியில் நின்றது. கோர்வை, அதாவது உடலையும் கரையையும் வேறு வேறு நூலில் நெய்து பிணைப்பது. உடலுக்கு ஒரு நாடா (ஊடு நூலைக் கொண்டு ஓடும் கருவி), கரைகளுக்கு இரண்டு. ஒற்றை ஆளால் ஆகாது. கல்யாணமான நாள் முதல் அவர் தறிக் குழியில் கால் போட்டு நெய்வார், நான் பக்கத்தில் இருந்து கரை நாடா எறிவேன். எவ்வளவு சண்டை என்றாலும் சாயங்காலத்துக்குள் பேசிவிடுவோம். இழை அறுந்தால் சொல்லித்தானே ஆகணும்! இப்போது அவர் இடத்தில் நான் உட்கார்ந்தால் என் இடத்துக்கு யார்?

முட்டிவலியால் எப்போதோ தறியை விட்ட தாத்தா வந்து நின்றார். எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் (சாக்கடைத் தகராறு, விடுங்கள்). "மிதிக்கத்தான் கால் இல்ல, நாடா எறியக் கை இருக்கு" என்றார். முதலில் அவர் பார்த்தது என் காலை. மிதி எனக்கு எட்டவில்லை, நுனிவிரலால் உந்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் இரண்டு கட்டைத் துண்டோடு வந்தார். அந்த முட்டியோடு குழிக்குள் இறங்கி, மிதிமேல் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "அவன் எழுந்து வந்ததும் அவுத்துடலாம்மா."

எழுந்து வருவார் என்று அதுவரை டாக்டர்கூட என்னிடம் உறுதியாகச் சொல்லவில்லை.

அப்புறம் இவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கட்டிலில் படுத்தபடியே காது கொடுத்துக் கேட்பார். "சத்தம் லேசா இருக்கு, பலகையை அழுத்தி அடி" என்பார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தாத்தா சிரிப்பார். கூலியில் பங்கு கொடுத்தேன், வாங்கவில்லை. டீ மட்டும் சர்க்கரை தூக்கலாகக் கேட்டார்.

புடவையை முடித்துத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாயிற்று. கட்டையை என் வீட்டுக்காரர் இன்னும் அவிழ்க்க விடவில்லை, கொஞ்ச நாள் நீயே நெய் என்கிறார். நெய்கிறேன். நம் தெருவில் யார் வீட்டிலாவது கோர்வைக்கு ஆள் இல்லாமல் தறி நின்றால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். கூலிப் பேச்சு எடுக்காதீர்கள்.