இனிஷீர் தீவுக்கு இரண்டு மணி நேரம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்து பயணக் கட்டுரை படித்தேன். மொஹர் பாறைகளோடு சேர்த்து இனிஷீர் தீவையும் 'இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்' என்று எழுதியிருந்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கால்வேயில் குடியிருப்பதால் அந்தத் தீவுக்கு அடிக்கடி போகிறவள் நான், அந்த உரிமையில் எழுதுகிறேன். ஒரு ராத்திரியாவது அங்கே தங்க வேண்டும்.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு எதிரே உள்ள அரான் தீவுகள் மூன்றில் இதுதான் சின்னது. சுமார் முந்நூறு பேர் இருக்கிறார்கள், வீட்டிலும் கடையிலும் பேச்சு ஐரிஷ் மொழியில்தான். எதிர்க்கரையில் உள்ள டூலின் துறையிலிருந்து படகில் வந்து இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் போவது, கரையில் துருப்பிடித்துக் கிடக்கும் பிளாசி கப்பலைப் பார்க்க. 1960 மார்ச்சில் புயலில் பாறையில் மோதிய சரக்குக் கப்பல் அது. தீவுக்காரர்கள் கயிறு கட்டி, அதிலிருந்த 11 பேரையும் ஒருவர் விடாமல் கரைசேர்த்தார்கள். கட்டுரையில் கப்பலின் படம் இருந்தது, இந்த விஷயம் இல்லை.

அப்புறம் புனித கீவான் தேவாலயம். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! கல்லறைத் தோட்டத்தில் ஏறிப் போனால் முதலில் சுவரின் மேல்விளிம்பு மட்டும்தான் கண்ணில் படும், கிட்டே போய் எட்டிப் பார்த்தால்தான் கீழே பள்ளத்துக்குள் வாசலும் குறுகலான ஜன்னலுமாக முழுக் கட்டடமும் தெரியும். சுற்றியுள்ள மணல் அத்தனை உயரம் ஏறிவிட்டது. ஜூன் 14 அவருடைய திருநாள், அதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் உள்ளே சேர்ந்த மணலை அள்ளி வெளியே கொட்டுகிறார்கள், காற்று திரும்பவும் கொண்டுவந்து கொட்டுகிறது, அவர்களும் சளைப்பதில்லை. அதே காற்றுதான் 1885இல் கரையோர மேடு ஒன்றின் மணலை வாரிக்கொண்டு போய், வெண்கலக் காலத்து ஈமத்தாழியை வெளியே காட்டியது.

இதையெல்லாம் படகு நேரத்தைப் பார்த்துக்கொண்டே பார்க்க முடியுமா?

இன்னொன்று, போகிறவர்கள் தயவுசெய்து கல் சுவர்கள் மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். சாந்து இல்லாமல் வெறும் கல்லை அடுக்கியவை அவை, மிதித்தால் சரிந்துவிடும். வெறும் பாறை மேல் மணலையும் கடற்பாசியையும் சுமந்து கொண்டுவந்து கொட்டி மண்ணாக்கிய வயல்களுக்கு அந்தச் சுவர்தான் காவல்.

டூலின் படகு குளிர்காலத்தில் கிடையாது, கால்வே பக்கத்து ரோசவீல் துறைமுகத்திலிருந்து வருஷம் முழுக்க உண்டு. அடுத்த இதழில் இதையாவது போட்டுவிடுங்கள்.

ஒரு வாசகி,
கால்வே