ஒரு அடி பாக்கி

அன்புள்ள குமார்,

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையலும் பிரித்தாகிவிட்டது. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு தினமும் நாலு தடவை வராந்தாவில் நடக்க வேண்டும். மொத்தமே 20 அடிதான். பாதியில் நின்று மீதிப் பத்தடியைப் பார்க்கும்போதெல்லாம் அசைவே சாத்தியமில்லை என்று வாதாடிய அந்தப் பழைய கிரேக்கத் தத்துவஞானி ஜீனோ ஞாபகம் வந்துவிடுகிறார்.

அவர் புதிரை வைத்து நாம் போட்ட ஹாஸ்டல் சண்டை நினைவிருக்கிறதா? 20 அடி போக முதலில் 10, அப்புறம் 5, அப்புறம் இரண்டரை... பாதிகளுக்கு முடிவே இல்லாதபோது எப்படிப் போய்ச்சேருவது என்று நான் கேட்க, நீ பேசாமல் எழுந்து மெஸ் வரை நடந்து காட்டினாய். கிரேக்க ஞானி டயோஜீனஸும் ஜீனோவின் வாதத்துக்குப் பதிலாக அப்படித்தான் நடந்து காட்டினாராம். அந்தக் கதைக்கு ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் ஒரு வாலையும் சொல்கிறார். அதைப் பார்த்துத் திருப்திப்பட்ட சீடனை டயோஜீனஸ் அடித்தாராம். வாதத்துக்கு வாதத்தால்தான் பதில் சொல்ல வேண்டுமாம். ஆக, உனக்கு ஒரு அடி பாக்கி!

அரிஸ்டாட்டில் வாதத்தால்தான் பதில் சொன்னார். தூரத்தைப் பாதி பாதியாக வெட்டினால் நேரத்தையும் அப்படியே வெட்டலாமே என்றார். பிறகு தன் 'இயற்பியல்' நூலின் எட்டாம் புத்தகத்தில், அந்தப் பதில் கேட்டவனுக்குப் போதும், விஷயத்துக்குப் போதாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நடுப்புள்ளிகள் வழியில் சாத்தியமாக மட்டுமே இருக்கின்றனவாம். நடப்பவன் நின்றால்தான் அவை நிஜமாகின்றன. நான்தான் நின்று நின்று போகிறேனே!

முன்னால் போகும் ஆமையை வேகமாக ஓடும் அகிலீஸால்கூடப் பிடிக்க முடியாது என்ற ஜீனோவின் இன்னொரு புதிர் இப்போது என்னைத் தொந்தரவு செய்வதில்லை. 19-ம் நூற்றாண்டில் கோஷி போன்ற கணித மேதைகள் அந்தக் கூட்டலுக்கு ஒழுங்கு செய்துவிட்டார்கள். 10, 5, இரண்டரை என்று கூட்டிக்கொண்டே போனால் விடை 20தான். தூங்கவிடாதது அவருடைய மற்றொரு புதிர், பறக்கும் அம்பு. எந்தக் கணத்தில் பார்த்தாலும் அது தன் நீளத்துக்கான இடத்தில்தான் இருக்கிறது, அசையவில்லை. அப்படியானால் எப்போதுதான் பறக்கிறது? கணத்துக்குள் அசைவைத் தேடாதே, வெவ்வேறு கணத்தில் வெவ்வேறு இடத்தில் இருப்பதற்குப் பெயர்தான் அசைவு என்பது ஆங்கிலேயத் தத்துவஞானி ரஸ்ஸல் கட்சி. போன பாதையைத் துண்டு போடலாம், போவதைத் துண்டு போட முடியாது, அகிலீஸின் ஒவ்வொரு எட்டும் முழுசு என்பது பிரெஞ்சுத் தத்துவஞானி பெர்க்சன் கட்சி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ரஸ்ஸல்தான் சரி. ஆபரேஷன் செய்த காலைத் தூக்கி வைக்கும்போது பெர்க்சன்! தூக்கிய காலைப் பாதியில் நிறுத்திப் பார், புரியும்.

சரி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? அடுத்த மாதத்துக்குள் வாக்கரை விட்டுவிடலாம் என்கிறார் பிசியோதெரபிஸ்ட். ஒரு எட்டு வந்துவிட்டுப் போயேன். அந்த அடி பாக்கியையும் தீர்த்துவிடலாம்.

அன்புடன்,
ராமு