பெட்டியைப் பத்திக் கேட்டியே

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். எல்லாரும் சுகம். நேரத்துக்குச் சாப்பிடு. போன் எடுக்காததுக்கு ஒண்ணும் சொல்லல, வேலை இருக்கும். அம்மாதான் போனைத் தலைமாட்டுல வச்சிக்கிட்டுப் படுக்கிறா.

தீவாளிக்கு வந்தப்ப தாத்தாவோட ஆர்மோனியப் பெட்டியில இருக்கிற தகட்டைக் காட்டி, ‘துவார்க்கின்னா யாருப்பா’ன்னு கேட்ட. ஹட்டன்ல சங்கீத வாத்தியார்கிட்ட விசாரிச்சேன். ஆள் பேர் இல்லையாம், கடைப் பேர். துவாரகாநாத் கோஷ்னு ஒருத்தர் 1875ல கல்கத்தாவுல தொடங்கினது. அதுக்கு முன்னால ஆர்மோனியம்னா பாரிஸ்ல டெபான்னு ஒருத்தர் செஞ்ச மாதிரி, நாற்காலியில உக்காந்து காலால மிதிக்கிறது. கோஷ்தான் மிதியை எடுத்துட்டு, துருத்தியைப் பின்பக்கம் வச்சிக் கையால போடுற மாதிரி ஆக்கினார். தரையில சம்மணம் போட்டுப் பாடுற நம்ம சனத்துக்கு அதுதானே தோது. ஒரு கை காத்துக்கு, ஒரு கை பாட்டுக்கு. பெட்டியோட நிக்காம சுரம் போட்ட புத்தகமும் அச்சடிச்சிருக்காங்க. தாகூரோட அண்ணன் ஜோதிரிந்திரநாத் எழுதினதைக்கூடப் போட்டாங்களாம். வாங்கினவன் வாசிக்கவும் பழகணும்னு நெனச்சிருக்காங்க, பெரிய மனசு.

இன்னொண்ணும் சொன்னார். கமகம், அதான் சுரத்தை அசைச்சு வழுக்கிப் பாடுறது, அதுல வராதுன்னு சொல்லி 1940ல இந்திய வானொலி ஆர்மோனியத்தையே தள்ளி வச்சிருச்சாம். 1971லதான் திரும்ப விட்டாங்களாம். 31 வருசம். அதைக் கேட்டதுல இருந்து எனக்கு உன் ஞாபகந்தான்.

உனக்குப் பன்னெண்டு வயசு. மாரியம்மன் திருவிழா பஜனையில ரெண்டு பாட்டு வாசிச்ச. கமிட்டிக்காரர் ஒருத்தர், ‘வயசுக்கு வந்த புள்ள ஆம்பளைங்க முன்னால உக்காரலாமா’ன்னார். நான் உன் முன்னால இருந்த பெட்டியைத் தூக்கித் தம்பிகிட்டக் குடுத்தேன். அவனுக்குச் சுதி நிக்காதுன்னு தெரிஞ்சே குடுத்தேன். நீ கையை விட்டதும் துருத்தி மெதுவா இறங்கிச்சே, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. ‘என் புள்ளதான் வாசிப்பா’ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பயம்தான் பாப்பா, வேற ஒண்ணுமில்ல. அதுக்கப்புறம் நீ பெட்டியைத் தொடவே இல்ல. நானும் ஏன்னு கேக்கல.

உன்னைப் பொண்ணு கேட்ட ஹாலிஎலக்காரங்களுக்கு இன்னும் பதில் சொல்லல. நீ சொல்லாம சொல்லவும் மாட்டேன். அம்மா ஏசினா ஏசட்டும்.

பனி ஏறக்கூடாதுன்னு பெட்டியை அடுப்படிப் பலகையில வச்சிருக்கேன். மேல் சட்ஜக் கட்டை, அதான் மேல் ‘ச’ வாசிக்கிற கட்டை, ஊறி ஒட்டிக்கிச்சு. தம்பி கழட்டிப் பாக்கிறேன்னான், விடல. நீ வந்து பாரு.

லீவு கிடைக்கலன்னா பரவாயில்ல. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா