வண்டி, கொடி, பல்: லார்ட் ஜார்ஜ் பென்டிங்குக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய லார்ட் ஜார்ஜ் அவர்களுக்கு,

உங்கள் குடும்பப் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1806 வேலூர்ப் புரட்சியின்போது சென்னை ஆளுநராக இருந்து, அதனாலேயே பதவியிழந்து திரும்பிய வில்லியம் பென்டிங்க் உங்கள் சித்தப்பா. அவரைப் பள்ளிப் பாடத்தில் படித்தவர்கள் ஏராளம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் குதிரைப் பந்தயத்தை ஒழுங்குபடுத்திய உங்களை அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் குதிரைப் பந்தயம் ஒன்றையாவது பார்த்தவர்கள் நீங்கள் செய்த வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் அந்த வண்டி. 1836-இல் உங்கள் பந்தயக் குதிரை எலிஸ், தெற்கு இங்கிலாந்தின் குட்வுட் லாயத்தில் நின்றது. மூன்று வயதுக் குதிரைகளுக்கான செயின்ட் லெஜர் பந்தயம் நடக்கும் டான்காஸ்டரோ சுமார் 250 மைல் தொலைவு. அன்று பந்தயக் குதிரை நடந்துதான் போகும். நாளுக்குப் பதினைந்து, இருபது மைல் என்றால் இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இரண்டு வாரத்தில் லாடம் தேயும், குளம்பில் கல் குத்தும், வழியோர லாயங்களில் இருமல் தொற்றும். முழு வேகத்தில் ஓட வழியில்லாததால் மூச்சுப் பழக்கமும் குறையும். எப்போதோ புறப்பட்டிருக்க வேண்டிய குதிரை இன்னும் குட்வுட்டிலேயே நிற்கிறது என்ற செய்தி பரவியதும், அது ஓடப்போவதில்லை என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு தருவதாகப் பந்தயக்காரர்கள் சொன்னார்கள். நீங்கள் பணத்தைக் கட்டிவிட்டுக் குதிரையை வண்டியில் ஏற்றினீர்கள்.

உள்சுவர் முழுக்க மெத்தை வைத்துத் தைத்த பெரிய வண்டி. குலுங்கினாலும் முழங்கால் அடிபடாது. துணைக்கு டிரம்மர் என்ற இன்னொரு குதிரை, ஏனென்றால் தனியாக அடைத்த குதிரை பதறும், வியர்க்கும், தீனி எடுக்காது. இழுக்கும் குதிரைகளை இடையிடையே மாற்றிக்கொண்டு நாளுக்கு எண்பது மைல் வீதம் மூன்று நாளில் போய்ச் சேர்ந்தீர்கள். எலிஸ் வென்றது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது நடுவழியில் லிச்ஃபீல்டில் நிறுத்தியதைத்தான். அங்கே எலிஸை இறக்கி, பந்தயத் திடலில் ஓடவிட்டு, மறுபடி ஏற்றினார்கள். என் பார்வையில் வண்டியைவிட இதுதான் பெரிய யோசனை. நெடுநேரம் தலையை உயர்த்திக் கட்டப்பட்ட குதிரையால் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்ற முடியாது. அது நுரையீரலுக்கு இறங்கிச் சீழ் பிடிக்கும். இன்று லாரியில் குதிரை ஏற்றுபவர்களும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைத் தரைவரை தாழ்த்த விட வேண்டும். வைக்கோலை உயரத்தில் கட்டாமல் கீழே போடுவதும் இதற்காகத்தான்.

அடுத்தது கொடி. அதுவரை தொடங்கி வைப்பவர் வாயால் "போ" என்று கத்துவார். காற்று எதிராக அடித்தால் கடைசியில் நிற்கும் ஜாக்கிக்குக் கேட்காது. கேட்டவர்களிலும் சிலர், எதிரியின் குதிரையைக் களைக்க வைப்பதற்காகவே முந்திப் பாய்ந்துவிட்டுத் திரும்புவார்கள். 1840-இல், மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கான ஓக்ஸ் பந்தயத்தில், உங்கள் குதிரை குரூசிஃபிக்ஸை இப்படித்தான் திரும்பத் திரும்ப வாட்டினார்கள். அவள் வென்றாள், ஆனால் கால் கெட்டு, அதன்பின் ஓடவேயில்லை. அதே ஆண்டில் 1,000 கினீஸ், 2,000 கினீஸ் என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் வென்ற, ஒருமுறைகூடத் தோற்காத பெண்குதிரை! தொடங்கி வைப்பவர் கையில் ஒரு கொடியும், பாதையில் சற்று முன்னே நிற்கும் உதவியாளர் கையில் இன்னொன்றும் என்று நீங்கள் ஏற்பாடு செய்தீர்கள். ஜாக்கி பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை; கண் முன்னே இருக்கும், குதிரையின் தலை நேராக இருக்கும். பட்டியலில் ஒவ்வொரு குதிரைக்கும் எண், பலகையிலும் அதே எண், குறித்த இடத்தில் சேணம், பார்வையாளர் முன் அணிவகுப்பு, தாமதத்துக்கு அபராதம் என்று மற்றவற்றையும் குட்வுட்டில் ஒழுங்குக்குக் கொண்டுவந்தீர்கள்.

பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடும் டெர்பி பந்தயத்தில் 1844-இல் முதலில் வந்த ரன்னிங் ரெயின் மூன்று வயதுக் குதிரையே அல்ல. அது மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. குதிரைக்கு நடு வெட்டுப்பல் ஜோடி இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பல் முளைக்கும். அடுத்த ஜோடிக்கு மூன்றரை, ஓர ஜோடிக்கு நாலரை. ஆக, மே மாதத்தில் மூன்று வயதுக் குதிரையின் ஒவ்வொரு தாடையிலும் இரண்டு நிலைப்பற்கள்தான் இருக்க வேண்டும். நான்கு இருந்தால் அது வேறு குதிரை. முந்தைய ஆண்டே இந்தக் குதிரையின் வாயைப் பார்த்துச் சந்தேகம் எழுந்தது. ஆனால் குட்டியாக அதைப் பார்த்த லாயக்காரரின் சாட்சியத்தை நம்பிப் புகாரைத் தள்ளினார்கள். ஆள் சொல் மாறும், பல் மாறாது என்பதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் ஆதாரம் திரட்டினீர்கள். வழக்கு வந்தபோது நீதிபதி குதிரையைக் கொண்டுவரச் சொன்னார், குதிரை மாயமானது, பரிசு இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவுக்குப் போனது. நன்றிக்காகத் திரட்டிய பணத்தை நீங்கள் வாங்க மறுத்து, பயிற்சியாளர், ஜாக்கிகளின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்குமான நிதியாக்கினீர்கள். இதற்காக உங்களை மிகவும் மதிக்கிறேன்.

ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் உங்கள் குதிரைகள் மற்றவர் பெயர்களில் ஓடின. எலிஸ்கூட லிச்ஃபீல்ட் பிரபுவின் பெயரில்தான். ஆட்டத்தைச் சுத்தம் செய்தவர் அதே ஆட்டத்தில் பெருந்தொகை வைத்து ஆடியவர். எலிஸின் பயணத்தை மறைத்து லாபம் பார்த்ததும் நீங்கள்தான். விதி மீறல் அல்ல. ஆனாலும் நேர்மையின் முழு அளவு அது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனவிருத்தியில் உங்களுக்குக் குறைவாக இருந்தது பொறுமைதான். பே மிடில்டன் என்ற பொலிகுதிரையை 4,000 கினீக்கு (அன்றைய ஆங்கில நாணயம்) வாங்கினீர்கள். அதன் குட்டிகள் உங்கள் காலத்தில் ஏமாற்றின. பொலிகுதிரையின் தரத்தை முதல் சில ஆண்டுக் குட்டிகளை வைத்து எடைபோடக் கூடாது. சினை 11 மாதம், ஓடத் தொடங்க இரண்டு வயது, டெர்பிக்கு மூன்று வயது. சேர்க்கை ஒன்று சரியா என்று தெரியவே நான்கு ஆண்டு ஆகும். பெண்குதிரை பொருந்தாவிட்டால் மேலும் நான்கு.

1846-இல், இறக்குமதித் தானியத்துக்கு வரி விதித்த தானியச் சட்டங்களை ஆதரிக்கும் அரசியலுக்காகக் குதிரைப் பண்ணை மொத்தத்தையும் 10,000 பவுண்டுக்கு விற்றீர்கள். அதில் குரூசிஃபிக்ஸின் குட்டி சர்ப்ளிஸும் போனது. 1848 டெர்பியை அது வென்ற மறுநாள், நாடாளுமன்ற நூலகத்தில் நீங்கள் முனகியதை உங்கள் அரசியல் தோழர் டிஸ்ரேலி பதிவு செய்திருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் சர்ப்ளிஸ் செயின்ட் லெஜரையும் வென்றது. எட்டு நாள் கழித்து, 46 வயதில், உங்கள் குடும்ப மாளிகையான வெல்பெக்கிலிருந்து நடந்து போகும் வழியில் இறந்தீர்கள். பே மிடில்டனின் மகன் ஃப்ளையிங் டச்மேன் அப்போது இரண்டு வயது. 1849 டெர்பியையும் செயின்ட் லெஜரையும் அவன் வென்றான்.

அன்புடன்,
குதிரைகளைக் கவனித்து வரும் ஒரு வாசகன்