வதனிக்கு, மகளின் 3.5 பற்றி

அன்புள்ள வதனி,

மகளின் ஜீ.பி.ஏ., அதுதான் நாலுக்குக் கணக்குப் பார்க்கிற பாடப்புள்ளிச் சராசரி, 3.5 என்று நீ சொன்ன விதத்தைக் கேட்டால் வீட்டில் செத்தவீடு நடக்கிற மாதிரி இருந்தது. 3.5 கெட்ட புள்ளி இல்லையடி. ஒன்ராறியோவில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கிற கூட்டத்துக்கு நடுவில் வைத்துப் பார்க்கும்போதுதான் அது குறைவாகத் தெரிகிறது. ரொறன்ரோவில் இடம் கிடைத்த பிள்ளைகளின் சராசரி 3.95க்குக் கிட்ட நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் யாருடைய புள்ளியும் மெலிந்துதான் போகும்.

எங்கள் சின்னவன் இதே வழியில் போய் எல்லா இடத்திலும் இல்லை என்ற பதிலை வாங்கி, இப்போது திரும்பவும் விண்ணப்பிக்கிறான். அவனோடு இருந்து பார்த்ததில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன், அவரையும் கூட்டி வைத்து வாசி.

முதல் வேலையாக, அவளுடைய கம்பஸ் காட்டுகிற ஜீ.பி.ஏ.யை மறந்துவிட்டு, ஓம்சாஸ் அட்டவணையில் ஒவ்வொரு பாடத்தையும் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். ஒன்ராறியோவின் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போவது அந்த ஓம்சாஸ் வழியாகத்தான், புள்ளியை மாற்றுகிற அட்டவணையும் அதனுடையதுதான். நூற்றுக்கு 80 எடுத்தால் 3.7, 79 எடுத்தால் 3.3. ஒரு புள்ளிக்கு இவ்வளவு தண்டனை. அவளுடைய முதலாம் வருடத்தில் 78, 79 என்று வரிசையாக இருக்கிறது என்றாயே, ஓட்டை அங்கேதான். அடுத்த இரண்டு வருடமும் 3.7க்கு மேலே என்றால் இது நல்லாய்ப் படிக்கிற பிள்ளையின் கணக்கு. அதைப் பார்க்கிற கல்லூரி எது, பார்க்காத கல்லூரி எது என்பதுதான் கேள்வி.

எனக்கு இது விளங்கவே கனகாலம் எடுத்தது. சில கல்லூரிகள் ஜீ.பி.ஏ.யை ஒரு வாசற்படியாக மட்டும் வைத்திருக்கின்றன, தாண்டினால் சரி, அதற்குப் பிறகு 3.5க்கும் 3.9க்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. வேறு சில அதை உள்ளேயும் எடுத்துப்போய் மற்றவர்களோடு நிறுத்துப் பார்க்கின்றன. இரண்டாவது வகைக்கே காசைக் கட்டிவிட்டு அழுகிற தாய்தகப்பன் இங்கே நிறையப் பேர்.

குயின்ஸ் பல்கலைக்கழகம் இப்போது ஜீ.பி.ஏ., எம்கற் என்கிற மருத்துவ நுழைவுப் பரீட்சை, காஸ்பர் என்கிற, இந்த நிலைமையில் நீ என்ன செய்வாய் என்று கேட்கிற இணையப் பரீட்சை, இந்த மூன்றிலும் தான் வைத்த எல்லையைத் தாண்டியவர்களைக் குலுக்கல் முறையில் நேர்முகத்துக்கு எடுக்கிறது. லொத்தர் போலத்தான், சிரிக்காதே! எனக்கும் முதலில் கோபம் வந்தது, பிறகு யோசித்தால் 3.5 வைத்திருக்கிற பிள்ளைக்கு இதைவிட நியாயமான முறை கிடையாது. பிரம்டனில் 2025 செப்டம்பரில் 94 பேரோடு தொடங்கிய ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் கல்லூரி குறைந்தபட்சம் 3.3 கேட்கிறது, எம்கற் தேவையே இல்லை. மக்மாஸ்டரில் 3.0 இருந்தால் உள்ளே பார்ப்பார்கள், ஆனால் அங்கே ஜீ.பி.ஏ., எம்கற்றின் கார்ஸ் பகுதி, காஸ்பர் மூன்றையும் ஏறத்தாழச் சமமாக எடுப்பதால் ஒன்றில் விட்டதை மற்றதில் பிடிக்கலாம். ரொறன்ரோ 3.6க்குக் கீழே இளமாணிப் பிள்ளைகளைத் திரும்பியும் பார்க்காது, அதை இந்த முறை விட்டுவிடுங்கள்.

கார்ஸ் என்றால் வேறொன்றும் இல்லை, ஒன்றரை மணித்தியாலத்தில் ஒன்பது பந்திகளை வாசித்து 53 கேள்விகளுக்கு விடை சொல்வது. தத்துவம், கலை, வரலாறு, அரசியல், இப்படி எதுவும் வரும், விஞ்ஞானம் ஒரு துளியும் உதவாது. நம்முடைய பிள்ளைகள் இரசாயனத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு இதில்தான் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் பாடப்புத்தகத்துக்கு வெளியே எதையும் வாசிக்க நாங்கள் விட்டதில்லை. இரண்டு மாதத்தில் வருகிற பழக்கம் இல்லை இது, இன்றைக்கே தொடங்கச் சொல்லு.

அப்புறம், நீங்கள் ஒட்டாவாவில் இருப்பதே உங்களுக்கு ஒரு பலம். ஒட்டாவாப் பல்கலைக்கழகம் எம்கற் கேட்பதில்லை, அண்மைய வருடங்களுக்குக் கூடிய நிறை கொடுக்கிறது, தன் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் கொஞ்சம் இரக்கமும் காட்டும். பிரெஞ்சில் தனிப் பிரிவும் உண்டு. சின்னதிலிருந்து பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்துகிற இமேர்ஷன் வகுப்பில் படித்த பிள்ளை, அதைத் துருப்பிடிக்க விட்டிருக்கிறாளா என்று கேள். நேர்முகம் முழுக்கப் பிரெஞ்சில் நடக்கும், பள்ளிக்கூடப் பிரெஞ்சு காணாது.

முதுமாணி செய்தால் ஜீ.பி.ஏ. ஏறிவிடும் என்று உன் மைத்துனர் சொன்னது பிழை. இளமாணிப் புள்ளி அப்படியேதான் நிற்கும், முதுமாணியைத் தனியாகத்தான் பார்ப்பார்கள். மக்மாஸ்டரில் அதற்கு மிகச் சின்ன மேலதிகப் புள்ளி கொடுக்கிறார்கள், ரொறன்ரோ, முதுமாணிப் பட்டத்தை முடித்தவர்களுக்கு எல்லையை 3.0க்கு இறக்குகிறது. அவளுக்கு ஆராய்ச்சியில் உண்மையாகவே விருப்பம் இருந்தால் செய்யட்டும், இல்லாவிட்டால் முழுப் பாடங்களோடு இன்னொரு வருடம் இளமாணியில் இருந்து 3.9 எடுப்பது ஒட்டாவா போன்ற இடத்துக்கு அதைவிடப் பிரயோசனம்.

கரீபியன் தீவுகளுக்கோ அயர்லாந்துக்கோ அனுப்புகிற கதையை இப்போதைக்கு எடுக்காதீர்கள் என்பது என் கருத்து. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வீட்டை ஈடு வைத்து மகனைக் கரீபியன் பக்கம் அனுப்பினார்கள், பிள்ளை படித்தும் முடித்துவிட்டான், ஆனால் திரும்பி வந்து பயிற்சி இடத்துக்குப் போட்டி போடும்போது வெளிநாட்டில் படித்தவர்களுக்கான சின்ன வரிசையில் நிற்கிறான். இடம் கிடைத்தாலும் மாகாணம் சொல்லும் பகுதிகளில் சில வருடம் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போடவேண்டும். அயர்லாந்தில் படிப்பு தரமானதுதான், மறுக்கவில்லை. செலவையும் இந்த வரிசையையும் தெரிந்துகொண்டு போகிறவர்கள் போகட்டும்.

செய்த சேவைகளை எழுதுகிற பகுதிக்குப் புதிதாக எதையும் தேடி ஓட வேண்டாம். உன் மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், அங்கே வருகிற மற்றத் தமிழ்க் கிழங்களுக்கும் நேர்ஸ்மார் சொல்வதை மொழிபெயர்த்துக் கொடுக்கிறாள் என்றாயே, அதை எழுதச் சொல்லு. உறுதிப்படுத்த ஒரு ஆளின் பெயர் கொடுக்கவேண்டும், அந்தப் பகுதியின் பொறுப்பாளரிடம் இப்போதே கேட்டு வைக்கட்டும். பரிந்துரைக்கிற பேராசிரியர்களுக்கும் அப்படித்தான், ஓகஸ்டில் போய்க் கேட்டால் ஆளைப் பிடிக்க ஏலாது, ஒக்டோபர் தொடக்கத்தில் எல்லாம் மூடிவிடும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் நான்கு பாடத்துக்கும் புள்ளியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டு, எந்த மாவட்டத்துக்கு என்ன வெட்டுப்புள்ளி என்று பேப்பருக்குக் காத்திருந்த காலத்தை நினைத்தால், அங்கே ஒரு எண் வந்தது, கதை முடிந்தது. இங்கே அப்படி இல்லை, அதுதான் ஆறுதலும் தலையிடியும். ஒன்று மட்டும் அவளிடம் நீயே தனியாகக் கேள், அப்பா பக்கத்தில் இல்லாத நேரம்: இரண்டு மூன்று வருடம் இப்படி அலையச் சம்மதமா என்று. தயங்கினால் கோபிக்காதே. எங்கள் சின்னவனிடம் இதைக் கேட்டபோது அவன் உடனே ஓம் என்றான், அதனால்தான் நாங்கள் திரும்பவும் காசு கட்டினோம்.

இங்கே வேறு புதினம் அதிகம் இல்லை. எனக்கு முழங்கால் நோ, லாபில் இரவு வேலையை விட்டுவிட்டேன். இவர் தோட்டத்தில் கத்தரி வைத்துவிட்டு அணிலோடு சண்டை பிடிக்கிறார். மகளின் பாடப்புள்ளிகள் முழுவதையும் படம் எடுத்து அனுப்பு, சின்னவன் அட்டவணையில் போட்டுத் தருகிறேன் என்கிறான், ஞாயிறு அவனுக்கு வேலை இல்லை.

அன்புடன்,
சாந்தி