அண்ணை, ட்ரெயில் எப்பிடி இருக்கு?

சனிக்கிழமை காலமையில ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கமிருந்து ட்ரெய்லரில ஸ்லெட் (பனியில ஓடுற ஸ்னோமொபைல்) ஏத்திக்கொண்டு ஒன்ராறியோவில லின்ட்சேக்கு மேல வாற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களில கனபேரின்ர முகம் எனக்குத் தெரியும், பேர் தெரியாது. நான் அந்தக் காஸ் ஸ்டேசன்காரன் தான், நீங்கள் ஸ்லெட் ஓடுற ட்ரெயிலைப் பராமரிக்கிற கிளப்பில வொலண்டியரும். பிரீமியம் பெற்றோல் அடிச்சுப்போட்டு, ரெண்டு கோப்பி எடுத்துக்கொண்டு, காசு குடுக்கேக்க எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்வி, "அண்ணை, ட்ரெயில் எப்பிடி இருக்கு?" பின்னால லைன் நிக்கும், நானும் "நல்லா இருக்கு, கவனமாப் போங்கோ" எண்டு சொல்லி அனுப்பிப்போடுவன். உண்மையான பதில் கொஞ்சம் நீளம். இப்ப ஆவணி மாசம், உங்கட ஸ்லெட் எல்லாம் கராஜில துணி போத்துக்கொண்டு படுத்திருக்கும், எனக்கும் இந்த நேரம் கடையில சனம் குறைவு, அதால இதில எழுதுறன்.

ட்ரெயில் சரியில்லை. பனி சரியில்லை எண்டு நான் சொல்லேல்ல, போன விண்டர் பனி நல்லாத்தான் கொட்டினது. ஓட்டின பாதையில ஒரு துண்டு இல்லாமல் போயிட்டுது. வடக்கால போய்ச் சுத்தி வாற லூப்பில கோதுமை வயலுக்குப் பக்கத்தால ஒரு நீட்டு வருமே, கடைசியா மேப்பிள் காட்டுக்குள்ள திரும்புறது, அந்த இடம். இந்த வருசம் அந்தக் காணிக்காரர் தன்ர காணியால ட்ரெயில் விடக் கையெழுத்துப் போடமாட்டன் எண்டிட்டார். ஆறு கிலோமீட்டர் தான். ஆனா அந்த ஆறு இல்லாட்டி இந்தப் பக்கம் வந்தவன் அந்தப் பக்கம் போகேலாது, லூப் முழுக்கச் செத்த மாதிரி. சுத்திப் போக வேற வழி தேடினா நடுவில சேத்துநிலம், பாலம் போடோணும், பாலம் எண்டா பெர்மிசன் எடுக்கவே ஒரு வருசம் போயிடும்.

ஏன் மறிச்சவர் எண்டதைச் சொல்லுறன், ஏனெண்டா உங்களில ஆரோ சில பேருக்கு இது தெரிஞ்சிருக்கும்.

மாசி மாசம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலைஞ்சு ஸ்லெட் நாங்கள் பாதைக்குக் குறியா அடிச்சு வச்ச கம்பைத் தாண்டி வயலுக்குள்ள இறங்கி, வெள்ளையா விரிஞ்சு கிடக்கிற இடம் தானே எண்டு நல்லா எட்டுப் போட்டு விளையாடியிருக்கினம். உங்களுக்கு அது வெறும் பனி. அவருக்கு அது பயிர். விண்டர் கோதுமை எண்டுறது புரட்டாதி, ஐப்பசியில விதைச்சு, பச்சையா முளைச்ச பிறகு பனிக்குக் கீழ படுத்திருந்து, அடுத்த ஆடியில வெட்டுற சாமான். மேல கிடக்கிற தூள் பனி தான் அதுக்குப் போர்வை. ஸ்லெட் ஏறினா அந்தப் போர்வை நசிஞ்சு ஐஸ் ஆகும், காத்துப் போகாது, குளிர் நேர வேருக்கு இறங்கும். வைகாசி மாசம் அந்த மனிசன் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பச்சை வயலுக்கு நடுவில நீங்கள் போட்ட எட்டு அப்பிடியே மஞ்சளா எழுதிக் கிடந்தது, வட்டத்தில இருந்து வட்டம், ஸ்லெட்டின்ர முன்னால சறுக்கிற ஸ்கீ அகலம் கூடத் தெரியுது. அவர் ஒண்டும் ஏசேல்ல. "இருபது வருசத்துக்கு மேல விட்டனான்" எண்டு மட்டும் சொன்னவர், அதுக்குப் பேந்து நாய்க்குச் சாப்பாடு வைக்கப் போட்டார். ஏசியிருந்தா எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

நான் வந்த ஊரில வேலிக்கதியாலை ஒரு சாண் தள்ளிப் போட்டிட்டான் எண்டு அண்ணனும் தம்பியும் கோட்டுக்குப் போவினம், கேஸ் முடிய முதல் ரெண்டு பேரும் செத்தும் போவினம். ஒழுங்கையால மாட்டு வண்டில் போறதுக்கே சண்டை. அப்பிடி இடத்தில இருந்து வந்தவனுக்கு, முன்பின் தெரியாத ஒரு விவசாயி, ஒரு சதம் வாங்காமல், தன்ர காணிக்குள்ளால ஆயிரக்கணக்கில மிசின் போகட்டும் எண்டு ஒரு கடதாசியில கையெழுத்துப் போடுறதைப் பாக்க இண்டைக்கும் ஆச்சரியமாத்தான் கிடக்கு. தெற்கு ஒன்ராறியோவில ட்ரெயிலில கன பங்கு இப்பிடித் தனியார் காணிக்குள்ளால தான் ஓடுது. அந்தக் கையெழுத்து வருசா வருசம் கேட்டு வாங்கிறது. கதவைத் தட்டோணும், தேத்தண்ணி குடிக்கோணும், முழங்கால் வருத்தம் விசாரிக்கோணும், போன வருசம் உடைஞ்ச வேலியை நாங்கள் தான் திருப்பிக் கட்டிக் குடுக்கோணும்.

"நாங்கள் ட்ரெயில் பெர்மிட் வாங்கிறம் தானே அண்ணை" எண்டு ஒரு தம்பி சொன்னவர். சரி, வாங்கிறியள், சந்தோசம், அது சட்டமும் தான், கண்ணாடியில ஸ்டிக்கர் இல்லாமல் ஓடேலாது. அந்தக் காசு குரூமருக்கும் (ட்ரெயில் பனியைச் சமன் பண்ணுற மிசின்) டீசலுக்கும் இன்சூரன்சுக்கும் போகுது, குரூமர் ஓட்டுறவைக்குச் சில கிளப்பில மணித்தியாலத்துக்கு ஏதோ குடுப்பினம். ஆனா அந்த ஸ்டிக்கர் குறி போட்ட பாதைக்கு மட்டும் தான். கம்புக்கு அங்கால ஒரு அடி வச்சாலும் அது அத்துமீறல், 2016ல வந்த சட்டத்தோட அதுக்கு உச்ச அபராதம் 10,000 டொலர். ட்ரெயில் மேப்பில சிவப்பா இருக்கிற ட்ரெயிலும் அப்பிடித்தான். பச்சை எண்டா திறந்திருக்கு, மஞ்சள் எண்டா பாத்துப் போ, சிவப்பு எண்டா பூட்டு. "சிவப்பு தான், ஆனா பனி கிடக்கே" எண்டு சொல்லுறவையோட எனக்குக் கதைக்க ஏலாது.

பெர்மிட் காசில வாங்கேலாத சாமான் ஒண்டு இருக்கு, அது ஆள். போன கூட்டத்துக்கு வந்தது 11 பேர். அதில நான் தான் இளந்தாரி, எனக்கு 52. மிச்சப் பேரில ஒருவருக்கு இடுப்பு மாத்தியிருக்கு, ஒருவருக்கு நெஞ்சில பேஸ்மேக்கர், அவர் தான் எங்கட செயின்சோவால மரம் வெட்டுற ஆள். 2022 வைகாசியில அந்த டெரேச்சோ புயல் அடிச்சு மரமெல்லாம் தீப்பெட்டிக் குச்சி மாதிரி விழுந்து கிடந்ததே, 2025 பங்குனிக் கடைசியில ஐஸ் மழை பெய்து கவார்த்தா, பீட்டர்பரோ, ஒரிலியா எல்லாம் கொப்பு முறிஞ்சு கரண்ட் இல்லாமல் கிடந்ததே, அந்த ரெண்டுக்குப் பிறகும் ட்ரெயிலில விழுந்ததை வெட்டி இழுத்தது இந்தக் கிழடுகள் தான். இதுக்குள்ள பீவர் வேற. ஒரு இரவில அணை கட்டி ட்ரெயிலைக் குளமாக்கிப்போடும், அதுகளோட மல்லுக்கட்டி வெண்ட வொலண்டியரை நான் இன்னும் காணேல்ல.

நவம்பரில கம்பு அடிப்பம். றோட்டுக் கடக்கிற இடத்தில ஸ்டொப் போர்ட், வளைவுக்கு அம்புக்குறி, இரவில லைற் பட்டால் மின்னுற பட்டி எல்லாம் கையால ஒவ்வொண்டாப் பூட்டுறது. நிலம் இறுகமுதல் அடிச்சு முடிக்கோணும், பிந்தினா சுத்தியல் தான் உடையும். பேந்து முதல் பனி விழுந்த உடன ஆரும் சந்தோசப்படுறேல்ல, சேத்துநிலத்தில அது வில்லங்கம், ஏனெண்டா பனி போர்வை மாதிரி மூடினா கீழ தண்ணி உறையாது. அதால ஸ்லெட்டில போய் அந்தப் பனியை மிதிச்சு மிதிச்சு இறுக்கி, குளிரைக் கீழ இறக்கோணும், ஒருக்கா இல்லை, நாலைஞ்சு தரம், சில நேரம் முழங்கால் மட்டும் தண்ணிக்குள்ள. வாவி எண்டா துளை போட்டுத் தடிப்பு அளக்கிறது. ஸ்லெட்டுக்கு 25 சென்டிமீட்டர் தெளிஞ்ச நீல ஐஸ் வேணும் எண்டுறது கணக்கு, வெள்ளையா இருக்கிற ஐசுக்கு அதில பாதிப் பலம் தான்.

இவ்வளவும் முடிஞ்சாத் தான் குரூமர் வெளிக்கிடும். நீங்கள் அதைக் கண்டிருக்க மாட்டியள், ஏனெண்டா நாங்கள் இரவில தான் ஓடுறது. வயல் உழுது பரம்படிக்கிற மாதிரி தான் வேலை: பின்னால இழுக்கிற இரும்புச் சட்டத்தில இருக்கிற கத்தி மேட்டைச் சீவி, பனியைப் புரட்டிக் காத்தை எடுத்து, கடைசியில இருக்கிற தட்டு அதை அழுத்தி விடும். மணிக்கு 10, 12 கிலோமீட்டர். அதுக்குப் பேந்து சீமெந்து மாதிரி இறுக அஞ்சாறு மணித்தியாலம் சும்மா கிடக்கோணும், நல்ல குளிரும் வேணும். வெள்ளிக்கிழமை இரவு ஒரு மணிக்கு நான் போட்டுக்கொண்டு போக, பின்னாலேயே மூண்டு ஸ்லெட் துளைச்சுக்கொண்டு வந்தா, நான் கண்ணாடியில பாப்பன், மச்சான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கலாமே எண்டு தான் மனசு சொல்லும்.

2023-24 விண்டர் ஞாபகம் இருக்கே? கனடாவிலேயே அதைப் போலச் சூடான விண்டர் பதிவில இல்லை. நாங்கள் எல்லாக் கம்பும் அடிச்சம், எல்லா வேலியும் திறந்தம், தெற்கில கன ட்ரெயில் ஒரு நாள் கூடத் திறக்கேல்ல, பங்குனியில போய் அதே கம்பெல்லாத்தையும் புடுங்கிக்கொண்டு வந்தம். ஒரு ஸ்லெட் தடம் இல்லை அதில. அந்த வருசம் விட்டவை சில பேர் திரும்பி வரவேயில்லை.

ஸ்லெட்டைப் பற்றியும் ஒரு சொல்லு. எங்கட பொடியள் மிசினுக்குச் செலவழிப்பினம், கிறீசுக்குச் செலவழிக்க மாட்டினம். கின்மவுண்ட் பக்கம் போற ரெயில் ட்ரெயிலில (பழைய ரெயில்பாதையில போற ட்ரெயில்) பனி மெல்லிசா, அடியில ஐசா இருக்கிற நாளில, ஐசைக் கிளறிவிடுற ஸ்கிராச்சர் கம்பியை இறக்காமல் நீட்டுக்கு அடிச்சுக்கொண்டு போனா ட்றாக் (ஸ்லெட்டைத் தள்ளுற றப்பர்ப் பட்டி) எறியிற பனி இல்லாமல் எஞ்சின் சூடேறும், கீழ சறுக்கிற ஹைஃபாக்ஸ் எண்ட பிளாஸ்டிக் பட்டி உருகி ஒட்டும். போன தையில இரவு ஒன்பது மணிக்கு, மைனஸ் 24ல, அப்பிடி நிண்ட ரெண்டு பேரை நான் கட்டி இழுத்தனான். ஸ்பேர் பெல்ட் இல்லை, டோர்ச் இல்லை, ஃபோனில சார்ஜ் இல்லை, ஆனா ஹெல்மெட்டுக்கு மேல கமரா இருந்தது. வெளிக்கிட முதல் ட்றாக் இறுக்கம் பாருங்கோ, ஸ்கீக்குக் கீழ இருக்கிற கார்பைட் கம்பி தேய்ஞ்சிருக்கோ எண்டு விரலால தடவிப் பாருங்கோ, செயின்கேஸ் ஒயில் வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்கோ. சைலன்சரைக் கழட்டிப்போட்டுச் சத்தக் குழாய் பூட்டினவைக்கு நான் தனியாச் சொல்லத் தேவையில்லை, அந்தச் சத்தத்தில மாடு வெருண்டு, பிள்ளை எழும்பி, அடுத்த நாள் காணிக்காரர் எனக்குத் தான் கோல் எடுப்பார்.

இந்த மிசின் விளையாட்டுச் சாமானாப் பிறக்கேல்ல. 1934 விண்டரில கியூபெக்கில பொம்பார்டியர் எண்ட மெக்கானிக்கின்ர ரெண்டு வயசுப் பிள்ளை, பனியால ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக ஏலாமல் செத்துப்போச்சு. 1937ல அந்தாள் பனியில ஓடுற வண்டிக்குக் காப்புரிமை எடுத்தவர், 1959ல ஸ்கீ-டூ வந்தது. நீங்கள் ஓடுற அந்த ரெயில்பாதையும் அப்பிடி ஒரு கதை தான். 1874ல ஐஸ்லாந்தில இருந்து வந்த சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்து கின்மவுண்டில குடிலில விட்டு அந்தப் பாதை போடுற வேலைக்கு விட்டவை, அந்த விண்டரில கனக்கப் பிள்ளையள் செத்துதுகள், அடுத்த வருசம் மிச்சச் சனத்தில கனபேர் மேற்கால மனிற்றோபாவில கிம்லிக்குப் போயிட்டுதுகள். மைனஸ் 20ல அதால போகேக்க எனக்கு ஒவ்வொரு தரமும் இது ஞாபகம் வரும், நாங்களும் வந்து இறங்கின சனம் தானே.

நான் கேக்கிறது காசில்லை. ஊரில சிரமதானம் எண்டா ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோட பள்ளிக்கூட வளவில நிண்டிருப்பியள், அல்லது உங்கட அப்பா நிண்டிருப்பார். இஞ்சயும் கோயில் தேருக்கு ஆரும் கூப்பிடாமலே வடம் பிடிக்க வாறியள், அன்னதானத்துக்கு விடிய நாலு மணிக்கு வெங்காயம் உரிக்கிறியள். அதில ஒரு சனிக்கிழமை எனக்குத் தாங்கோ. நவம்பர் இரண்டாம் சனி, காலமை எட்டு மணிக்குக் கடைக்குப் பின்னால சந்திப்பம். கையுறையும் தண்ணி போகாத சப்பாத்தும் கொண்டு வாங்கோ, சுத்தியல் கிளப்பில இருக்கு, செயின்சோவை மட்டும் ட்ரெய்னிங் எடுக்காமல் தொட விடமாட்டினம். மத்தியானச் சாப்பாடு என்ர மனிசி செய்வா, கொத்துரொட்டி எண்டு வெள்ளைக்காரக் கிழவர்மார் இப்பவே கேக்கத் தொடங்கிட்டினம்.

அதுக்கு முதல் வேற ஒரு வேலை இருக்கு. புரட்டாதி முதல் கிழமை, அந்தக் கோதுமை வயல்காரர் விதைக்க இறங்கமுதல், நான் திரும்ப அந்த மனிசன்ர கதவைத் தட்டப் போறன். தனியப் போனா என்ன சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியும், இருபது வருசமா என்ர முகத்தையும் கிளப் தலைவரின்ர முகத்தையும் தான் அவர் பாக்கிறார். உங்களில ஒரு ஆள் என்னோட வரோணும். அந்த எட்டுப் போட்டது ஆர் எண்டு நான் கேக்க மாட்டன், அவரும் கேக்க மாட்டார் எண்டு நினைக்கிறன். வந்தாக் காணும். ஒரு பெட்டி கேக் வாங்கிக்கொண்டு போவம், நாய் குலைக்கும், பயப்பிடாதேங்கோ, கடிக்காது.

உங்கட,
காஸ் ஸ்டேசன் அண்ணை